அவர் பறிக்காத மிளகு

என் கணவர் மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து இறந்தது ஒரு தை மாதத்தில். அதே வருடம் ஐப்பசியில் அவர் மறுபடியும் மிளகு விற்றார்.

அதை முதலில் பார்த்தது என் மகள். நாமக்கல்லில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வார்டன் அம்மாவின் போனிலிருந்து கூப்பிட்டாள். நான் மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்காது. அந்தக் காட்டின் மேல் வரப்பில் கிடைக்கும் என்பதால் போனை அங்கே ஒரு கல்லின்மேல் வைத்திருப்பேன். மண் கையோடு ஓடிப்போய் எடுத்தேன்.

"அம்மா, அப்பா பேசறாரும்மா."

"எங்க கண்ணு?"

"போன்ல. புது வீடியோ. கூடப் படிக்கிற புள்ளைக காட்டுனாங்க. உங்கப்பா செத்துட்டாருன்னு சொன்னியே, பொய்யான்னு கேக்கறாங்க."

"பழசா இருக்கும் சாமி. அப்ப எடுத்தத இப்பப் போட்டிருப்பாங்க."

"இல்லம்மா. இந்த வருசத் தீபாவளிக்குன்னு சொல்றாரு."

அவள் அழவில்லை. கணக்கு டீச்சர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள். அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது.

வார்டன் அம்மா அந்த வீடியோவை என் போனுக்கு அனுப்பினார். வரப்பில் நின்றபடியே பார்த்தேன். அவர்தான். அவருடைய முகம், நெற்றியில் அந்தத் தழும்பு, குரல். ஆனால் தலையில் அவர் வாழ்நாளில் கட்டாத ஒரு தலைப்பாகை. பக்கவாட்டில் விழுந்துபோன பல் திரும்ப முளைத்திருந்தது. பின்னால் ஒரு மரம் நிறையச் சிவப்பு மிளகுக் கொத்து. ஐப்பசியில் எங்கள் மலையில் எந்தக் கொடியிலும் மிளகு சிவந்து நான் பார்த்ததில்லை.

"நண்பர்களே வணக்கம். இன்னிக்குக் காலையில நானே மரத்துல ஏறிப் பறிச்ச மிளகு இது. இந்தத் தீபாவளிக்கு உங்க வீட்டுக்கு அனுப்பறேன்," என்றார் என் கணவர். சிரித்தார். கையை நீட்டினார். உள்ளங்கையில் மிளகு.

நானே மரத்துல ஏறி. அதை எழுதிய கை எதுவாக இருந்தாலும், அந்த மரத்தடியில் அவர் கிடந்த கிடையை அது பார்த்ததில்லை.

எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. நான் எடப்புளி நாட்டில் பிறந்தவள். குண்டூர் நாட்டில் வாழ்க்கைப்பட்டேன். கல்யாணமான புதிதில் எங்கள் மிளகை மூட்டை கட்டிச் சோளக்காட்டுச் சந்தைக்குத்தான் கொண்டுபோவோம். வியாபாரி ஒரு பிடி அள்ளி, ஊதி, முகத்தைச் சுளித்து ஒரு விலை சொல்வார். கீழே ஊரில் அதே மிளகு என்ன விலைக்குப் போகிறது என்று எங்களுக்குத் தெரியாது. மலைக்கு டவர் வந்த பிறகுதான் என் கணவர் அதைப் போனில் பார்த்தார். பார்த்த அன்று சாப்பிடவில்லை.

அருவி பார்க்க வருகிறவர்கள் எங்கள் ரோட்டோரத்தில் வண்டியை நிறுத்தி அன்னாசி வாங்குவார்கள். அவர்களிடம் போன் நம்பர் கேட்டு வாங்கிவைத்தார். அறுப்பு முடிந்ததும் மிளகைக் காயவைத்துப் படம் எடுத்து அந்த நம்பர்களுக்கெல்லாம் அனுப்பினார். சென்னையிலிருந்து, மதுரையிலிருந்து கேட்டார்கள். பஸ்ஸில் பார்சல் போட்டார். வாங்கியவர்கள் தெரிந்தவர்களுக்குச் சொன்னார்கள். எங்கள் வியாபாரம் அவ்வளவுதான். ஆனால் அப்படி விற்ற இரண்டு வருடமும் அவர் நடையே மாறியிருந்தது. சந்தையில் அந்த வியாபாரியைப் பார்த்தால் நின்று வணக்கம் சொல்லிவிட்டுப் போவார். விற்க அல்ல.

அதற்குப் பிறகுதான் சேலத்துக் கம்பெனி வந்தது. மலைப் பொருளை வாங்கி இன்டர்நெட்டில் விற்கும் கம்பெனி. நல்ல விலைதான் கொடுத்தார்கள், அதை நான் மறைக்க மாட்டேன். முதலில் வெப்சைட் போதும் என்றார்கள். பிறகு, எழுத்தை யாரும் படிப்பதில்லை, படம்தான் என்று படம் எடுக்க வந்தார்கள். அப்புறம் படத்தை யாரும் பார்ப்பதில்லை, வீடியோதான் என்றார்கள். அடுத்த வருடம், நீள வீடியோவை யாரும் பார்ப்பதில்லை, அரை நிமிஷத்துக்குள் இருக்க வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு தடவையும் உலகம் மாறிவிட்டது என்று சொல்லிக்கொண்டே வளைவுகளில் வாந்தி எடுத்து எடுத்து மலை ஏறி வந்தார்கள். என் கணவர் ஒவ்வொரு தடவையும் சரி என்றார்.

வீடியோ எடுக்க வந்தது ஒரு தம்பி. இருபத்தைந்து வயதிருக்கும். எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாமைச் சோறும் அவரைக் குழம்பும் சாப்பிடுவான். என்னை அக்கா என்பான், அவரை அண்ணன் என்பான். அவருக்குப் பேச ஆரம்பிக்கும்போது முதல் வார்த்தை திக்கும். "ஏ... ஏ... ஏனுங்க" என்று சிக்கி நின்று பிறகு சரளமாக வரும். கேமரா முன்னால் இன்னும் அதிகமாகும். அவருக்கு வெட்கமாகிவிடும்.

"நீங்க பேசுங்கண்ணா, அத நான் வெட்டிக்கறேன்," என்பான் தம்பி.

அப்படித்தான் அவர் முகம் தெரிய ஆரம்பித்தது. ஒரு வருடத்தில் மிளகுப் பாக்கெட்டின்மேலேயே அவர் படத்தை அச்சடித்தார்கள். அருவிக்கு வருகிறவர்கள் வண்டியை நிறுத்தி அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அவருக்கு அது பிடித்திருந்தது. சட்டையை இஸ்திரி போட்டு வைக்கச் சொல்வார்.

அந்தத் தை மாதக் காலையில் பனி அதிகம். மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் சாத்திய மூங்கில் ஏணி ஈரமாக இருந்திருக்கிறது. அவர் விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. கூடை உருண்டு வந்ததைத்தான் பார்த்தேன். ஜீப்பில் கீழே கொண்டுபோனோம். கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் உயிர் போயிருக்கிறது. எந்த வளைவு என்று எனக்குத் தெரியாது. தலை என் மடியில்தான் இருந்தது, ஆனாலும் தெரியவில்லை.

கம்பெனிக்குச் செய்தி போனது. தம்பி போனில் அழுதான். "அண்ணன என்னிக்கும் மறக்க மாட்டோங்க்கா," என்றான்.

மறக்கவில்லைதான்.

வீடியோவைப் பார்த்த அன்றைக்கு நான் யாரிடமும் சொல்லவில்லை. மாமனாருக்குத் தெரியக் கூடாது என்று நினைத்தேன். மாமியார் முன்பே போய்விட்டார். மாமனார் என் கொழுந்தனார் வீட்டில் இருக்கிறார். எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. பெரிய மகன் போனதிலிருந்து பேச்சைக் குறைத்துவிட்டார். ஆனால் மறுநாள் சாயங்காலம் அங்கே போனபோது வாசலில் அவர் சத்தம் கேட்டது. என் கணவரின் சத்தம். "நண்பர்களே வணக்கம்." மாமனார் கொழுந்தனாரின் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அவர் முகம் அப்படி ஆகி மாதக் கணக்காகியிருந்தது.

"வா கண்ணு. பாரு, திக்காம பேசறான்."

நான் என்ன சொல்வேன். "ஆமாங்க மாமா," என்றேன். உள்ளே போய் அடுப்படியில் நின்றுகொண்டேன். கொழுந்தனார் பின்னாலேயே வந்தார்.

"தெரியும் அண்ணி. ஏஐன்னு சொல்றாங்களே, அதுல பண்ணது. அப்பங்கிட்டச் சொன்னேன், கேக்க மாட்டீங்கறாரு. பாத்துட்டுப் போகட்டும்."

"யாருங்க இதப் பண்ணச் சொன்னது?"

"கம்பெனிக்காரங்கதான். நம்ம ஊரு மிளகுதான விக்குது."

கொழுந்தனார் மிளகும் அந்தக் கம்பெனிக்குத்தான் போகிறது. எங்கள் ஊரில் பாதிப் பேர் மிளகு அங்கேதான் போகிறது. எனக்குத் தெரியும். தெரிந்தே கேட்டேன்: "உங்கண்ணன் மறுபடி மரத்துல ஏறறதா சொல்றாருங்க. அது உங்களுக்கு ஒண்ணுமே பண்ணலீங்களா?"

கொழுந்தனார் தண்ணீர் மொண்டு குடித்தார்.

அடுத்த வாரம் முதல் பஸ்ஸில் இறங்கினேன். அடிவாரம், ராசிபுரம், சேலம். கம்பெனி ஒரு மாடிக் கட்டிடத்தில் இருந்தது. கீழே பேக்கிங் செய்கிறார்கள், மேலே ஆபீஸ். மேலே போகும் படிச் சுவரில் ஆள் உயரத்துக்கு என் கணவர் படம். தலைப்பாகையோடு.

தம்பி என்னைப் பார்த்ததும் எழுந்தான். "வாங்கக்கா," என்று சொல்லிவிட்டு, ஓடிப்போய் முதலாளியைக் கூட்டி வந்தான். நாற்பது வயதுக்காரர், மரியாதையான ஆள். டீ சொன்னார். நான் வேண்டாம் என்றேன்.

"அந்த வீடியோவ எடுத்துருங்க," என்றேன்.

"மேடம், நாங்க அவருக்கு மரியாதையாத்தான் பண்ணியிருக்கோம். ஒரு வார்த்தை தப்பா வராது."

"அவரு செத்துட்டாருங்க."

"தெரியும் மேடம். கஸ்டமருக்குத் தெரியாதுல்ல."

இதை அவர் திமிராகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. எனக்கு ஒரு விவரம் புரியாமல் இருப்பதுபோலவும், அதை எடுத்துச் சொல்வது தன் கடமைபோலவும் பொறுமையாகச் சொன்னார். முன்னெல்லாம் ஒரு வீடியோ எடுக்க ஒரு நாள் முழுக்க மலைக்குப் போய்வர வேண்டும், மழை வந்தால் அதுவும் வீண். இப்போது அவருடைய பழைய வீடியோக்களைக் கொடுத்துவிட்டால் போதும், என்ன பேச வேண்டும் என்று டைப் அடித்தால் அவரே பேசிவிடுகிறார். வேறு ஆட்களை வைத்தும் பார்த்தார்களாம், யாரும் வாங்கவில்லை. ஜனங்களுக்கு இவரைத்தான் பிடித்திருக்கிறது. மார்க்கெட் மாறும்போது கூடவே மாறாத கம்பெனி காணாமல் போய்விடும். தான் ஆரம்பித்தபோது கூட இருந்தவர்கள் எத்தனை பேர் இப்படிக் கடையை மூடினார்கள் என்று வருத்தப்பட்டார்.

"உங்களுக்கும் விக்கிற பாக்கெட்டுல ஒரு பங்கு போட்டுத் தர்றோம் மேடம். அவரு இருந்திருந்தா சந்தோசப்பட்டிருப்பாரு."

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏந்தம்பி, அவரு எப்படிச் செத்தாருன்னு உனக்குத் தெரியுமில்ல? தெரிஞ்சுதான நானே ஏறிப் பறிச்சேன்னு எழுதுன?"

"நான் எழுதலக்கா. அதுவே எழுதிக்கும்."

"அப்ப நீ படிச்சுப் பாக்கலையா?"

முதலாளி, "மேடம், கொஞ்சம் அமைதியா," என்றார். நான் அதுவரை சத்தமே போடவில்லை. அமைதியாக இரு என்று சொன்ன பிறகுதான் எனக்குச் சத்தம் வந்தது. என்ன சொன்னேன் என்று முழுசாக நினைவில்லை. உங்கள் வீட்டில் யாராவது செத்தால் அவர்களை எழுப்பிக் கொண்டுவந்து கடையில் உட்கார வைப்பீர்களா என்று கேட்டது நினைவிருக்கிறது. இறங்கி வந்துவிட்டேன்.

கீழே பேக்கிங் ஹாலில் ஏழெட்டுப் பெண்கள் பாக்கெட்டில் மிளகு நிரப்பிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பாக்கெட்டிலும் அவர் முகம். ஒரு பெரிய பிளாஸ்டிக் கூடை நிறைய அவர் முகம். நான் அங்கே நின்றுவிட்டேன்.

"ஏனுங்க," என்று கூப்பிட்டேன். எல்லாரும் திரும்பினார்கள். "இந்தப் படத்துல இருக்கறவரு என்ற ஊட்டுக்காரருங்க. மிளகு பறிக்கப் போயி உழுந்து செத்துட்டாருங்க. தையில."

ஒருத்தி கையிலிருந்த பாக்கெட்டைக் கவிழ்த்து வைத்தாள். இன்னொருத்தி, வயதில் பெரியவர், எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாங்க அவரு உங்க ஊர்ல இருக்காருன்னுல்ல நெனச்சோம் தாயி. தினம் புதுசு புதுசா பேசறாரே."

மேலே இருந்து யாரோ அந்தம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் கையை விட்டுவிட்டு இடத்துக்குப் போனார்.

மூன்றாம் நாள் அந்த வீடியோ காணாமல் போயிற்று. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கத்தியதற்குப் பலன் உண்டு என்று நினைத்தேன். அந்த வாரமே, எங்களிடம் பார்சலில் மிளகு வாங்கிய ஒரு பெங்களூர்க்காரர் எனக்கு இன்னொன்றை அனுப்பினார். அதில் என் கணவர் இந்தியில் பேசினார். தெலுங்கிலும் ஒன்று இருந்தது. ராசிபுரம் தாண்டிப் போய்வந்தால் அதையே ஒரு மாதம் பேசிக்கொண்டிருப்பவர் அவர். அதில் வடக்கத்திக்காரர்கள் மாதிரி கையை ஆட்டிப் பேசினார். எனக்குத் தெரியாத பாஷையில் போட்டால் எனக்குத் தெரியவராது என்று நினைத்துவிட்டார்கள்.

அந்த வீடியோ ஓடுகிற இடத்திலேயே புகார் கொடுக்க வழி இருக்கிறது என்றாள் மகள். வரப்பில் உட்கார்ந்து அதைத் திறந்தேன். இதில் இருப்பது நீங்களா என்று கேட்டது. இல்லை என்று அமுக்கினேன். அப்படியானால் சம்பந்தப்பட்டவரையே வந்து புகார் தரச் சொல்லுங்கள் என்றது. திரும்பப் போய், நான்தான் என்று அமுக்கினேன். சரி, உங்கள் முகத்தைக் காட்டுங்கள் என்று கேமராவைத் திறந்தது. வெயிலில் வியர்த்து, தலையில் துண்டோடு என் முகம் அதில் தெரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பொருந்தவில்லை என்றது. மனிதர் யாரிடமாவது பேச ஒரு நம்பர் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. திட்டுவதற்குக்கூட எதிரில் ஆள் இல்லை. போனைக் கல்லின்மேல் வைத்துவிட்டு, கையில் கிடைத்த களைக்கொத்தால் வரப்பைக் கொத்திக்கொண்டே இருந்தேன். அங்கே களையே இல்லை.

அன்றைக்குத்தான் தோன்றியது, நானே பேசினால் என்ன என்று. அவர் விழுந்த மரத்தடிக்குப் போனேன். அதற்கு முன்னால் நான் அங்கே போய் நின்றதில்லை. போனைப் பக்கத்து மரத்துக் கவையில் சாய்த்து வைத்தேன்.

"ஏனுங்க, நான் மிளகுப் பாக்கெட்டுல இருக்கறவரோட சம்சாரம். அவரு செத்துட்டாருங்க. இந்த மரத்துலருந்துதான் உழுந்தாரு. இப்ப உங்ககிட்டப் பேசறது அவரில்லீங்க. அவரு பேசுனா மொதல்ல திக்குமுங்க. நண்பர்களேன்னு அவரு யாரையும் கூப்புட்டதில்லீங்க. நீங்க மிளகு வாங்குங்க, வாங்காமப் போங்க. செத்தவர வச்சு விக்காதீங்கன்னு அவங்களுக்குச் சொல்லுங்க. அவ்வளவுதானுங்க."

அழவில்லை. கோபத்தில் பேசியது அழுகை மாதிரி கேட்டிருக்கலாம். மகள் சொல்லிக்கொடுத்தபடி போட்டேன். இரண்டு நாளில் எங்கெங்கேயோ போய்விட்டது. செம்மேட்டில் பஸ் ஏறப் போனால் கண்டக்டர், "நீங்கதான அது," என்றார். தெரியாத ஊர்களிலிருந்து பெண்கள் எழுதினார்கள். கம்பெனியைத் திட்டி ஆயிரம் பேர் எழுதினார்கள்.

கம்பெனி என்ன செய்தது தெரியுமா. இரங்கல் போட்டது. அவர் படத்தைச் சுற்றிக் கறுப்பு ரிப்பன். 'எங்கள் குடும்பத்தில் ஒருவரை இழந்தோம்' என்று ஒரு வரி. கீழே, அவர் நினைவாக இந்த வாரம் வாங்குபவர்களுக்கு விலை குறைப்பு. திட்ட வந்த கூட்டம் அதைப் பார்த்து உருகிவிட்டது. இருந்த மிளகெல்லாம் விற்றுத் தீர்ந்தது என்று கொழுந்தனார்தான் வந்து சொன்னார். பரணில் போட்டு வைத்திருந்ததையும் இறக்கி அனுப்பச் சொல்லியிருக்கிறார்களாம்.

"உங்க வீடியோவால நம்ம ஊருக்கே நல்லதுதான் அண்ணி," என்றார்.

நான் அவர்மேல் கையில் இருந்த முறத்தை எறிந்தேன். படவில்லை. அவர் மனைவி ஓடி வந்து நடுவில் நின்றாள். அன்றையிலிருந்து பொங்கல் வரைக்கும் அந்த வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் பேச்சில்லை. அவர் கெட்டவர் இல்லை. அண்ணன் சாவுக்குத் தலையில் அடித்துக்கொண்டு அழுதவர்தான். அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். கம்பெனி நிறுத்திவிட்டால் மறுபடியும் அந்தச் சந்தை வியாபாரியின் முகச் சுளிப்புக்குத்தான் போக வேண்டும். அதெல்லாம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் அந்த முறம் பட்டிருந்தால் நான் வருத்தப்பட்டிருக்க மாட்டேன்.

என் வீடியோவால் உருப்படியாக நடந்தது ஒன்று உண்டு. பஸ் பார்சல் காலத்தில் எங்களிடம் மிளகு வாங்கிக்கொண்டிருந்த ராசிபுரத்து வக்கீலம்மா ஒருவர் அதைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். "நீங்க ஏன் தனியா கத்திட்டு இருக்கீங்க? ஆதாரத்த எல்லாம் எடுத்துட்டு வாங்க," என்றார். அவர் சொன்னபடி எல்லா வீடியோவையும் என் போனில் இறக்கிவைத்தேன். இந்தி, தெலுங்கு, இரங்கலுக்கு முன்பே அவர்கள் திரும்பப் போட்டிருந்த தமிழ். அவர் கம்பெனிக்கும், வீடியோ ஓடுகிற இடத்துக்கும் நோட்டீஸ் அனுப்பினார். ஃபீஸ் வாங்க மறுத்துவிட்டார். இரண்டு படி சாமை கொடுத்தேன். நான் வரப்பில் உட்கார்ந்து அமுக்கி அமுக்கி முடியாதது, ஒரு வக்கீல் கையெழுத்துக்கு நடந்தது. ஒரு மாதத்துக்குள் எல்லா வீடியோவும் போயிற்று. பாக்கெட்டிலிருந்தும் அவர் முகம் போயிற்று.

ஜெயித்தோம் என்று வக்கீலம்மா போனில் சொன்னார். நான் மாமனாரிடம் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை, அவரே கேட்டார். வாசலில் நின்று, கையில் கொழுந்தனாரின் போனை வைத்துக்கொண்டு,

"கண்ணு, அவனக் காணம்," என்றார்.

நான் வீட்டுக்குக் கூட்டிவந்து என் கணவரின் சொந்தப் போனை எடுத்தேன். அதில் தம்பி வெட்டாத வீடியோக்கள் இருந்தன. அவரே எடுத்தவை. மாட்டுக்குத் தீனி போடுவது, மகள் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியது, பலாமரத்தைச் சுற்றி வந்து பேசுவது. போட்டுக் காட்டினேன். "ஏ... ஏ... ஏம்புள்ள, இங்க வா," என்று என்னைக் கூப்பிட்டார் என் கணவர். நான் அதைப் பல மாதங்களாகக் கேட்கவில்லை. மாமனார் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"இது வேண்டாஞ் சாமி. அந்த இன்னொண்ணு இருக்குதா? சிரிச்சுக்கிட்டுப் பேசுவானே."

என் போனில் இருந்தது. கோர்ட்டுக்குத் தேவைப்பட்டால் என்று வக்கீலம்மா அழிக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். உலகத்திலேயே அது இப்போது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். எனக்கு மாமனார்மேல் வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. பெற்ற மகனுடைய திக்கல் வேண்டாமா உங்களுக்கு என்று கேட்க வாய் வந்தது. எண்பது வயது மனிதர், கண்ணுக்கு மேல் கையை வைத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று சொல்லிவிடலாம் என்றும் நினைத்தேன். முடியவில்லை. எடுத்துக் கொடுத்துவிட்டு, சத்தம் கேட்காத தூரத்துக்கு, மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டேன். இப்போதும் எப்போதாவது கேட்கிறார். கொடுக்கிறேன்.

கம்பெனி நன்றாகத்தான் நடக்கிறது. பாக்கெட்டில் இப்போது ஒரு புது ஆள் இருக்கிறார். அடர்ந்த மீசை, அகன்ற தோள், எங்கள் மலைப் பின்னணி. குண்டூர் நாட்டு விவசாயி என்றே சொல்லிக்கொள்கிறார். குண்டூர் நாட்டில் அப்படி ஒருவர் இல்லை, எங்கேயும் இல்லை. முழுக்கவே கம்ப்யூட்டர் வரைந்த ஆள். கேட்டால் எல்லாப் பாஷையும் பேசுகிறார், ராத்திரி பகல் என்று பார்க்காமல் வாங்குகிறவர்களின் கேள்விக்குப் பதில் எழுதுகிறார். அவர் எந்த மரத்திலிருந்தும் விழப் போவதில்லை. அவருக்காகச் சேலத்துக்குப் பஸ் ஏறிவரப் பெண்டாட்டியும் இல்லை. அவர்கள் எங்களிடமிருந்து கற்றுக்கொண்ட பாடம் அதுதான் என்று தோன்றுகிறது. ஊர்க்காரர்கள் சிலர் அவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஆளின் உள்ளங்கையில் இருக்கும் மிளகு எங்கள் ஆட்கள் பனி ஈரத்தில் ஏணி வைத்து ஏறிப் பறிப்பதுதான்.

நான் என் மிளகை அங்கே கொடுப்பதில்லை. பழைய நம்பர்களில் மிச்சம் இருப்பவர்களுக்குப் பார்சல் போடுகிறேன். மீதியைச் சோளக்காட்டுக்குக் கொண்டுபோகிறேன். அதே வியாபாரி, அதே ஊதல், அதே சுளிப்பு. எனக்கு வருமானம் குறைந்துவிட்டது, பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. கொழுந்தனாரோடு பொங்கலன்று பேச ஆரம்பித்தேன். மிளகைப் பற்றி மட்டும் இருவரும் பேசிக்கொள்வதில்லை.

போன மாதம் தம்பி கூப்பிட்டான். வேறு நம்பர். அந்தக் கம்பெனியை விட்டுவிட்டானாம், கோயம்புத்தூரில் சொந்தமாக ஆரம்பித்திருக்கிறானாம். நான் நல்லா இரு என்றேன். உண்மையாகவே சொன்னேன். அப்புறம் அவன் விஷயத்துக்கு வந்தான்.

"அக்கா, நீங்க மரத்தடில நின்னு பேசுனீங்களே, அத இன்னிக்கும் ஜனங்க பாக்கறாங்கக்கா. உங்க கோபம் அவங்களுக்குப் புடிச்சிருக்கு. கலப்படத்தத் திட்டி, ஏமாத்தற கம்பெனிங்களத் திட்டி, வாரம் ஒண்ணு நீங்க பேசுனா நல்லா இருக்கும். நீங்க வரக்கூட வேண்டாம். நீங்க சரின்னு மட்டும் சொல்லுங்க, ஏற்கனவே இருக்கற அந்த ஒரு வீடியோவ வச்சே நான் பண்ணிக்கறேன்."

"இப்ப நான் சரின்னு சொல்லலீன்னா?" என்று கேட்டேன்.

அவன் கொஞ்சம் யோசித்தான். "உங்களக் கேக்காமப் பண்ண மாட்டேன்க்கா," என்றான்.

அதைச் சொல்ல அவன் யோசிக்க வேண்டியிருந்ததே எனக்குப் போதுமாக இருந்தது. போனை வைத்துவிட்டு, ராசிபுரத்து வக்கீலம்மாவின் நம்பரைத் தேடி அவரைக் கூப்பிட்டேன். அவர் கோர்ட்டில் இருந்தார். மத்தியானத்துக்கு மேல் கூப்பிடும்படி அவர் ஆபீஸில் சொன்னார்கள். களத்தில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. மத்தியானம் வரைக்கும் அதைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தேன்.